பேட்டரி மேல் விழும் பழி

டார்ச் லைட் எரியவில்லை என்றால் முதல் பழி பேட்டரி மேல்தான் விழுகிறது. உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்போம். எரிந்தால் அப்படியே மேசை இழுப்பறைக்குள் போய்விடும். எரியாவிட்டால் புதுப் பேட்டரிக் கட்டை வாங்கிப் போடுவோம். அதற்கும் மசியவில்லை என்றால் டார்ச்சே போய்விட்டது என்று முடிவுகட்டி, வேறொன்று வாங்கிவிடுவோம். இந்த வரிசையில் நாம் கவனிக்காமல் விடுவது அந்த இரண்டு தட்டுகளைத்தான். தீர்ந்துபோன கட்டை தட்டினால் உயிர் பெறாது. கருகிப்போன எல்இடியும் தட்டினால் எரியாது. தட்டும்போது டார்ச்சுக்குள் மாறுவது ஒன்றே ஒன்றுதான்: உலோகமும் உலோகமும் தொடுகிற இடம். தட்டினால் எரிகிற டார்ச் தன் பழுது எங்கே என்று தானே சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் ஸ்விட்சில், அல்லது ஸ்விட்ச் உடம்பைத் தொடும் இடத்தில். எல்இடி வந்தபிறகு கை டார்ச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது விளக்குமல்ல, பேட்டரியுமல்ல, ஸ்விட்ச்தான் என்பதும், அந்தப் பழுதில் பெரும்பகுதி வீட்டிலேயே பத்து நிமிடத்தில் சரியாகக் கூடியது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

வடசென்னையில் இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதி அல்ல. மாதவரத்தில் லாரி முனையமும் கன்டெய்னர் யார்டுகளும் ராத்திரியில் தூங்குவதில்லை. லாரிக்கு அடியில் படுத்து பிரேக் பார்க்கிறவருக்கும், தார்ப்பாய்க் கயிற்றைச் சரிபார்க்கிற கிளீனருக்கும், துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கிற டிரைவருக்கும் டார்ச் ஒரு தொழில் சாமான். காசிமேட்டில் விடியுமுன் படகு எடுப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மழை விட்ட பிறகும் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. அப்படிப்பட்ட இரவில் இழுப்பறையிலிருந்து எடுத்த டார்ச் எரியவில்லை என்றால், கடைக்குப் போய் வேறொன்று வாங்கிவர வழியும் கிடையாது.

பழைய டார்ச்சைத் தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் சற்று வியப்பாக இருக்கும். அந்த நாளில் முதலில் போவது பல்பு. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழையின் ஆயுள் சில பத்து மணி நேரம்தான். கீழே போட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் நிக்கல் முலாம் பூசிய பித்தளை டார்ச்சுகளில் பின்மூடிக்குள் ஒரு பல்பை உபரியாகச் செருகி வைத்திருப்பார்கள். வடசென்னைக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் எவரெடி ஆலை பல பத்தாண்டுகள் பேட்டரிக் கட்டை தயாரித்தது. 1984இல் போபாலில் விஷவாயு கசிந்தது இதே நிறுவனத்தின் ஆலையில்தான். நாட்டுக்கே இருட்டில் வழிகாட்டிய பெயர், அந்த ஒரே இரவுக்குப் பிறகு வேறு காரணத்துக்காக நினைவில் நின்றுவிட்டது. பத்து ஆண்டு கழித்து இந்தியக் கம்பெனி கைமாறி, எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. திருவொற்றியூர் ஆலையும் பின்னர் மூடப்பட்டு நிலம் விற்கப்பட்டது.

அந்தப் பித்தளை டார்ச்சின் ஸ்விட்ச் மிக எளிமையானது. பக்கவாட்டில் ஒரு தள்ளு பட்டன். அதனோடு சேர்ந்து உள்ளே ஒரு மெல்லிய பித்தளைத் தகடு நகரும். முன்னால் தள்ளினால் தகட்டின் நுனி பல்பைத் தாங்கும் வளையத்தைத் தொடும், அவ்வளவுதான். நாளாக ஆகத் தகடு தளர்ந்து, வளையத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். தலையைக் கழற்றி, கட்டையை எடுத்துவிட்டு, தகட்டின் நுனியை ஒரு குச்சியால் லேசாக நெம்பி நிமிர்த்தி, உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் இன்னும் சில வருடம் ஓடும். பல்பு அடிக்கடி போனதால் ஜனங்கள் டார்ச்சை அடிக்கடி கழற்றினார்கள். கழற்றியதால் தகட்டையும் பார்த்தார்கள். எல்இடி வந்து பல்பு மாற்றும் வேலையே ஒழிந்தபோது, டார்ச்சைத் திறந்து பார்க்கும் பழக்கமும் கூடவே போய்விட்டது. முறையாக மின்சாரம் கொடுத்தால் எல்இடி பல்லாயிரம் மணி நேரம் எரியும். மலிவான டார்ச்சில் அளவுக்கு மீறிய மின்சாரம் கொடுத்து அதையும் சீக்கிரம் மங்கச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அது மெல்ல மெல்ல மங்குமே ஒழிய, ஒரு நாள் எரிந்து மறுநாள் எரியாமல், தட்டினால் மறுபடி எரிகிற விளையாட்டைப் பெரும்பாலும் காட்டாது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்று சிறிய கட்டை போடுகிற டார்ச்சில் புதிதாக இருக்கும்போது 4.5 வோல்ட் கிடைக்கும். வெள்ளை எல்இடி எரியச் சுமார் 3 வோல்ட் வேண்டும். கட்டைகள் பாதி தீர்ந்து ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் மொத்தம் 3.6. எல்இடிக்குத் தேவையானது போக மிச்சம் இருப்பது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். இப்போது ஸ்விட்சின் தொடுமுனையில் அழுக்கு சேர்ந்து ஒரு ஓம் அளவுக்குத் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.3 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு ஓம் 0.3 வோல்ட்டை விழுங்கிவிடும். மிச்சத்தில் பாதி அங்கேயே போயிற்று. வெளிச்சம் சட்டென்று மங்கும். நாம் கட்டையை மாற்றுவோம். புதுக் கட்டையில் வோல்ட் தாராளமாக இருப்பதால், அழுக்கு விழுங்கியது போக எல்இடிக்குப் போதுமான அளவு மிஞ்சும். டார்ச் பளிச்சென்று எரியும். பேட்டரிதான் கோளாறு என்ற நம் நம்பிக்கை உறுதியாகிவிடும். உண்மையில் பாதி உயிருள்ள மூன்று கட்டைகளைக் குப்பையில் போட்டிருக்கிறோம். சில வாரம் கழித்து அதே கதை மறுபடி நடக்கும். ஸ்விட்ச் பழுதைப் பேட்டரிப் பழுதாக நினைப்பதில் உள்ள நஷ்டம் இதுதான். டார்ச்சின் விலையில் அது தெரியாது, கட்டைச் செலவில்தான் தெரியும்.

சுவரில் இருக்கும் ஸ்விட்ச் இருபது வருடம் உழைக்கிறதே, டார்ச் ஸ்விட்ச் மட்டும் ஏன் தகராறு செய்கிறது என்று கேட்கலாம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தொடுமுனையில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருந்தாலும் அந்த அழுத்தம் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். டார்ச்சில் இருப்பது மூன்று நான்கு வோல்ட். படலத்தைத் துளைக்க அதற்குத் தெம்பு கிடையாது. கடலோரக் காற்று இதை இன்னும் மோசமாக்குகிறது. காற்றில் வரும் உப்புத்தூள் உலோகத்தில் படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொண்டு கரைசலாகிவிடும். சென்னையில் பல இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுகிறது. பித்தளையில் பச்சைக் களிம்பு பூப்பதும், இரும்பு ஸ்பிரிங் அலுமினிய உடம்போடு சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி கட்டுவதும் இதனால்தான். அரிப்பு ஊருக்கு ஊர் மாறுபடுகிறது என்பதால், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சிக்ரி என்று சொல்வது, இந்தியாவுக்கே அரிப்பு வரைபடம் தயாரித்திருக்கிறது. மாதவரம் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் காசிமேடு அளவுக்கு உப்பு படியாது. ஆனால் டார்ச் ஓரிடத்தில் இருக்கிற பொருளா என்ன? லாரியோடு துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் அது தினமும் போய்வருகிறது.

சரி, பழுது ஸ்விட்சில்தான் என்று எப்படி உறுதி செய்வது? இப்போது பரவலாக விற்கிற அலுமினிய டார்ச்சில், பின்மூடியில் ரப்பர் தொப்பி போட்ட அமுக்கு ஸ்விட்ச் இருக்கும். கட்டையின் அடிப்பக்கம் மூடியிலுள்ள ஸ்பிரிங்கைத் தொடுகிறது. அங்கிருந்து ஸ்விட்ச் வழியாக மூடிக்கும், மூடியிலிருந்து உடம்புக்கும், உடம்பு வழியாகத் தலைக்கும் மின்சாரம் போகிறது. அதாவது டார்ச்சின் உடம்பே ஒரு ஒயர். பின்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சின்ன ஒயர்த் துண்டையோ ஊக்கையோ எடுத்து, ஒரு முனையைக் கட்டையின் அடியிலும் மறுமுனையைக் குழாயின் வெட்டு விளிம்பிலும் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் பேட்டரி, எல்இடி இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு கையில் கழற்றி வைத்திருக்கும் மூடியில்தான். எரியவில்லை என்றால் கட்டையையோ தலையையோ பார்க்க வேண்டும். ஸ்விட்ச் செய்கிற வேலையைத்தான் அந்த ஒயர் செய்கிறது, அதனால் பயமில்லை. ஆனால் ஒரே கட்டையின் இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்துவிடக் கூடாது. லித்தியம் கட்டையாக இருந்தால் ஒயர் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும், தீயும் பிடிக்கலாம். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் டார்ச்சை எரியவிட்டுக் கட்டையின் வோல்ட்டைப் பார்த்தால் பேட்டரி மேல் சுமத்திய பழி உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மூடியில்தான் கோளாறு என்று தெரிந்த பிறகு, பெரும்பாலும் புது ஸ்விட்ச் தேவைப்படாது. முதலில் மூடிக்குள் எட்டிப் பாருங்கள். ஸ்விட்சை அமுக்கிப் பிடிக்கிற வட்ட வளையம் ஒன்று இருக்கும், அதில் எதிரெதிராக இரண்டு துளைகள். கீழே விழுந்து விழுந்து இந்த வளையம் தளர்ந்துவிடுவது மிகச் சாதாரணம். நோஸ் பிளையரின் இரு முனைகளையும் துளைகளில் வைத்து வலப்பக்கம் திருகினால் இறுகும். பல டார்ச்சுகளின் வியாதி இதோடு தீர்ந்துவிடும். அடுத்தது குழாயின் வெட்டு விளிம்பு. அலுமினியத்துக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சில்லாத அந்த விளிம்பு வழியாகத்தான் மின்சாரம் மூடிக்குள் போகிறது. அங்கே சாம்பல் நிறத்தில் அழுக்கு இருந்தால் நைஸ் உப்புத்தாளாலோ பென்சில் ரப்பராலோ பளபளவென்று தெரியும்வரை தேய்த்துத் துணியால் துடைக்க வேண்டும். ஸ்பிரிங்கின் நுனிக்கும் அதே வைத்தியம். கட்டை கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெறும் துடைப்பு போதாது. அல்கலைன் கட்டையின் கசிவு காரம், அதற்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட பஞ்சு. விலை குறைந்த சாதாரண கட்டையின் கசிவு அமிலப் பக்கம் சாயும், அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். கடைசியில் ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். கண்ணில் கை வைக்கக் கூடாது. ஸ்விட்சில் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஓடும், பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிசினாகிவிடும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் ஸ்விட்சின் உள்ளேயே கோளாறு. பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது போன்ற ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ளே இருக்கிறது. அது தேய்ந்தால் அமுக்கியது நிற்காது. தொடுமுனை கருகினால் நின்றும் எரியாது. இதைத் திறந்து ஒட்டுப்போடுவது வீண் வேலை. விட்டமும் உயரமும் அளந்து அதே அளவில் வேறொன்று போடலாம். ரிச்சி தெருவில் இந்த மாதிரி சில்லறை ஸ்விட்ச் சில ரூபாய்தான். சால்டரிங் தேவைப்பட்டால் மொபைல் சர்வீஸ் கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் செய்துகொடுப்பார். சார்ஜ் போடுகிற பிளாஸ்டிக் டார்ச் வேறு ரகம். அதில் நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகும் இரண்டு பின் இருக்கும். மலிவான பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, ஒரு கெபாசிட்டர் வழியாகவே 230 வோல்ட்டைக் குறைத்து உள்ளே விடுகிறார்கள். சார்ஜில் இருக்கும்போது உள்ளே எந்தப் பகுதியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் கெபாசிட்டர் சற்று நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் இதைத் திறக்காமல் இருப்பது நல்லது. உள்ளே இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியும் செத்திருந்தால் அந்த டார்ச்சைப் பழுது பார்ப்பதில் லாபமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நூறு ரூபாய்க்குப் புது டார்ச் கிடைக்கிறபோது யார் இத்தனை மெனக்கெடுவார்கள் என்பது வலுவான ஆட்சேபம்தான். ஆனால் அந்த நூறு ரூபாய் டார்ச்சில் இருப்பதும் இதே ஸ்விட்ச்தான், ஒருவேளை இதைவிட மட்டமானது. அது அடுத்த மழைக்காலத்தில் இதே நிலைக்கு வரும். உப்புத்தாளுக்கும் பத்து நிமிடத்துக்கும் கூலி போட்டால்கூட பழுது பார்ப்பது மலிவு. வீணாகும் கட்டைகளைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். செல்போனிலேயே டார்ச் இருக்கிறதே என்பது இரண்டாவது ஆட்சேபம். படுக்கையிலிருந்து பாத்ரூம் போக அது போதும். கிரீஸ் கையோடு லாரிக்கு அடியிலும், இடுப்பளவு தண்ணீரிலும் செல்போனை யாரும் டார்ச்சாகப் பிடிப்பதில்லை. கரண்ட் இல்லாத மூன்றாம் நாளில் செல்போனில் மிஞ்சியிருக்கும் சார்ஜ் உறவுக்காரருக்கும் படகுக்காரருக்கும் போன் செய்யத் தேவைப்படும். அதை வெளிச்சத்துக்குச் செலவழிக்க முடியாது.

தீப்பற்றும் ஆவி உள்ள இடத்தில் இந்த டார்ச் ஆபத்து என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்கு மறுப்பே கிடையாது, முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டியது. மாதவரத்துக்குப் பக்கத்து மணலியில் சென்னை பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, காமராஜர் துறைமுகத்தில் எரிவாயு முனையம் இருக்கிறது, பெட்ரோல் டேங்கர்கள் இந்தச் சாலைகளில்தான் ஓடுகின்றன. எந்தச் சாதாரண ஸ்விட்சும் அமுக்கும்போதும் விடும்போதும் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறியை உண்டாக்கலாம். காற்றில் பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் அதுவே தீக்குப் போதும். அத்தகைய இடங்களுக்கென்று, பொறி வெளியே வராதபடி சோதித்துச் சான்றளித்த டார்ச்சுகள் தனியாக உண்டு. அவற்றின் ஸ்விட்சை வெளியில் கழற்றிப் பழுது பார்த்தால் சான்றுக்கு அர்த்தம் போய்விடும். வேறு ஸ்விட்ச் போட்டால் அது மற்றவர் உயிரோடு விளையாடுவது. ஆலைக்குள் போகிறவர், டேங்கருக்குள் இறங்குகிறவர், சந்தையில் வாங்கிய சாதாரண டார்ச்சையும் கொண்டுபோகக் கூடாது, வீட்டில் சரிசெய்த டார்ச்சையும் கொண்டுபோகக் கூடாது. இந்தக் கட்டுரையில் சொன்னது எல்லாம் வீட்டுக்கும் தெருவுக்கும் திறந்தவெளி வேலைக்கும்தான்.

தூக்கிப் போடுகிற டார்ச் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடலாம். பித்தளை டார்ச்சைக் காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்குவார். பிளாஸ்டிக் டார்ச்சை அவர் சீந்துவதில்லை. அது குப்பை வண்டியேறி கொடுங்கையூர்க் கிடங்குக்குப் போகும், அதாவது மாதவரத்தின் வாசலுக்கே திரும்பி வரும். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022இல் உலகம் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால்பங்குக்கும் குறைவு. பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோக இயந்திரம், வாகனம் என்று பெரிய சாமான்களைச் சுற்றியே அது நிற்கிறது. டார்ச்சுக்குக் கையேடு வெளியிடச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை, தேவையும் இல்லை. ஒட்டாமல் திருகுமரை வைத்த பின்மூடியும், பொது அளவிலான ஸ்விட்சும் இருந்தாலே போதும். அதை வாங்குகிற நாம்தான் கேட்க வேண்டும். கடையில் எத்தனை எல்இடி, எத்தனை வாட் என்று பார்ப்பதற்கு முன், பின்மூடி கழல்கிறதா என்று திருகிப் பாருங்கள். மூடி கழலாத டார்ச் எவ்வளவு வெளிச்சம் தந்தாலும் வாங்கத் தகுந்ததல்ல.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒருநாள் வீட்டிலுள்ள டார்ச்சை எடுத்து மூடியைக் கழற்றுங்கள், விளிம்பையும் ஸ்பிரிங்கையும் துடையுங்கள், வளையத்தை இறுக்குங்கள். மழைக்காலம் முடிந்து டார்ச்சை உள்ளே வைக்கும்போது கட்டைகளை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள்; கசிவு என்ற தொல்லையே இருக்காது.